கை அறிந்ததை வாய் சொல்லட்டும்

திருவனந்தபுரம் கரமனையில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் நிகழ்ந்த சிறு உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். என் தம்பி மகள் செவிலியர்; நகரத்து மருத்துவமனை ஒன்றில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறாள். இங்கிலாந்தில் பணியாற்ற விரும்பி ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வை எழுதினாள். கேட்டல், வாசித்தல், எழுதுதல் ஆகிய மூன்றிலும் வேண்டிய மதிப்பெண் கிடைத்தது. பேசுதலில் 7 வேண்டும்; கிடைத்ததோ 6.5. அந்த அரைப் புள்ளிக்காக மீண்டும் பல ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி, மீண்டும் விடுப்பு எடுத்து, மீண்டும் தேர்வுக்குச் செல்ல வேண்டும்.

பயிற்சி வகுப்பில் தந்த நகல் தாள்களுடன் அன்று வந்து அமர்ந்தாள். “பெரியப்பா, இதுல இருக்கிற கேள்வியைக் கேளுங்க, நான் பதில் சொல்றேன்” என்றாள். மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு முதல் கேள்வியைக் கேட்டேன். கையால் எழுதுவது பிடிக்குமா, தட்டச்சு செய்வது பிடிக்குமா என்பதே அக்கேள்வி. தங்குதடையின்றி விடை வந்தது. இந்த நவீன யுகத்தில் தட்டச்சு என்பது மனிதகுலத்திற்குக் கிடைத்த மறுக்கவியலாத வரப்பிரசாதம் என்று தொடங்கி, அழகிய ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஐந்து வாக்கியங்களில் எங்கும் அவள் இல்லை.

தாள்களை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் கேட்டேன். “வார்டுல நீ கையால எழுதுறது அதிகமா, கம்ப்யூட்டர்ல அடிக்கிறது அதிகமா?” அவள் பேசத் தொடங்கினாள். இரவுப் பணியில் நோயாளிகளின் வெப்பநிலையையும் நாடித் துடிப்பையும் முதலில் கையால் குறித்துக்கொள்வதையும், பணி முடியும் வேளையில் அவற்றையெல்லாம் இரண்டு விரல்களால் கணினியில் ஏற்றுவதையும் சொன்னாள். மருந்துத் தாளில் மருத்துவர் எழுதியிருந்த ஒரு பெயர் புரியாமல் நள்ளிரவில் அவரைத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்டதையும், அன்று முதல் மருந்துப் பெயர்களைத் தனித்தனிப் பெரிய எழுத்துகளில் மட்டுமே எழுதி வருவதையும் சொன்னாள். நான்கு நிமிடங்கள் கடந்துவிட்டன. “இதுதானேம்மா பதில்?” என்றேன். “இதையெல்லாமா பெரியப்பா அங்க போய்ச் சொல்றது?” என்று வியப்புடன் கேட்டாள்.

அதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வங்கியில் தட்டெழுத்தராகச் சேர்ந்து, விசைகளோடும் பேனாவோடும் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டுக் கல்விக்காகவும் பணிக்காகவும் பிள்ளைகளை இத்தேர்வுக்கு அனுப்பும் குடும்பங்கள் வங்கி வாடிக்கையாளர்களிடையே பல உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேர்வு எதை அளக்கிறது?

ஐ.இ.எல்.டி.எஸ். பேசுதல் தேர்வு 11 முதல் 14 நிமிடங்கள் நடைபெறும். தேர்வாளர் நேரிலோ காணொளி வழியாகவோ உரையாடுவார். முதல் பகுதி 4 அல்லது 5 நிமிடங்கள். வீடு, வேலை, ஊர், அன்றாடப் பழக்கங்கள் பற்றிய எளிய கேள்விகள் இதில் இடம்பெறும். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு அட்டை தரப்படும். ஒரு நிமிடம் ஆயத்தம் செய்துகொண்டு இரண்டு நிமிடங்கள் வரை பேசலாம். மூன்றாம் பகுதி பொதுவான கருத்துகளைப் பற்றிய உரையாடல். அதுவும் 4 அல்லது 5 நிமிடங்களே. எப்போது தட்டச்சு கற்றீர்கள், கையால் எழுதும் பழக்கம் இன்னும் உண்டா, உங்கள் கையெழுத்து எப்படி இருக்கும் என்பன போன்ற வினாக்கள் முதல் பகுதிக்கு உரியவை.

மதிப்பெண் நான்கு அளவுகோல்களின்படி வழங்கப்படுகிறது. தடையின்றித் தொடர்போடு பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் பரப்பும் திருத்தமும், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம மதிப்புடையவை. கையெழுத்தைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கும் ஐந்தாவது அளவுகோல் கிடையாது. தட்டச்சே சிறந்தது என்றாலும், கையெழுத்தே சிறந்தது என்றாலும், இரண்டும் எனக்குப் பிடிக்காது என்றாலும் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. ‘சரியான விடை’ என்று ஒன்று இல்லாத கேள்விக்குச் சரியான விடையை விலை கொடுத்து வாங்கி மனப்பாடம் செய்வதுதான் நம் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு.

தேர்வை நடத்துவோர் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டுள்ள தர விளக்கங்களை ஒருமுறையேனும் படித்துப் பார்ப்பது நல்லது. இரண்டு செய்திகள் அதில் ஆறுதல் தருபவை. சொல்லுக்காகத் தடுமாறுவதும் கருத்துக்காகச் சிந்திப்பதும் வெவ்வேறாகவே கருதப்படுகின்றன. எதைச் சொல்வது என்று யோசிப்பதற்காக எப்போதாவது எடுக்கும் இடைவெளி மிக உயர்ந்த தரத்தினரிடமும் காணப்படுவது என்றே அவ்விளக்கங்கள் கூறுகின்றன. அதேபோல் தாய்மொழியின் சாயல் இருப்பது குற்றமன்று. கேட்பவருக்குப் புரிகிறதா என்பதே கேள்வி. தமிழோ மலையாளமோ ஒலிக்கும் ஆங்கிலத்தை எண்ணி நாணத் தேவையில்லை. மறுபுறம், மனப்பாடம் செய்த தொடர்களைச் சார்ந்திருத்தல் என்பது அதே விளக்கங்களில் கீழ்த்தரங்களின் அடையாளமாகவே குறிக்கப்பட்டுள்ளது.

இங்கிலாந்தின் செவிலியர் பதிவு மன்றம் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகியவற்றில் 7, எழுதுதலில் 6.5 என்று வரையறுத்துள்ளது. அந்நாட்டில் செவிலியராகும் கனவு, கையெழுத்தைப் பற்றிய ஓர் எளிய கேள்விக்கு எப்படிப் பேசுகிறோம் என்பதையும் சார்ந்திருக்கிறது.

மனப்பாடம் ஏன் காலை வாருகிறது?

முதலாவதாக, கடன் வாங்கிய வாக்கியமும் சொந்த வாக்கியமும் அடுத்தடுத்து வரும்போது வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிடும். ‘மறுக்கவியலாத வரப்பிரசாதம்’ என்று பேசியவர் அடுத்த கேள்விக்கு இறந்தகால வினையைத் தவறவிடும்போது, முன்னது அவருடையதன்று என்பதை அறிய எந்தத் தேர்வாளருக்கும் நெடுநேரம் ஆகாது.

இரண்டாவதாக, ‘ஏன்?’ என்ற ஒற்றைச் சொல். விடை முடிந்ததும் தேர்வாளர் இதைக் கேட்கக்கூடும். வாழ்ந்து பார்த்த ஒன்றைச் சொன்னவருக்கு இக்கேள்வி ஒரு வாய்ப்பு. ஒப்பித்தவருக்கோ அது முட்டுச்சந்து.

மூன்றாவதாக, குரல். மனப்பாடம் செய்ததைச் சொல்லும்போது ஏற்ற இறக்கம் மறைந்து, எல்லாச் சொற்களும் ஒரே தட்டில் விழுகின்றன. உச்சரிப்பு என்ற அளவுகோலில் தனி ஒலிகளோடு அழுத்தமும் ஏற்ற இறக்கமும் அடங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தம்பி மகளின் குரல் மருத்துவரை எழுப்பிய கதையைச் சொன்னபோது தானாகவே ஏறி இறங்கியது. நகல் தாளின் வாக்கியங்களில் அது நிகழவில்லை.

இதற்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆங்கிலம் பேசப் பழகாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்நியர் ஒருவர் முன் அமர்ந்ததும் நா வறண்டு போகும். பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒரு கொம்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொம்பு சொற்களாக இருக்கட்டும், முழு வாக்கியங்களாக இருக்க வேண்டாம். தெளிவாகப் படிக்கக்கூடிய எழுத்துக்கு ‘லெஜிபிள்’, கிறுக்குவதற்கு ‘ஸ்க்ரிபிள்’, விசைகளைப் பாராமல் அடிப்பதற்கு ‘டச் டைப்பிங்’ என்று பத்துப் பதினைந்து சொற்களை நன்கு அறிந்து வைத்துக்கொள்வது நியாயமான ஆயத்தம். நாற்பது மாணவருக்கும் ஒரே விடையைத் தருவதோ நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் ஊமையாக்குவது.

சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

“எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை” என்பதே பிள்ளைகள் மனப்பாடத்தை நாடுவதற்கு அடிப்படைக் காரணம். திருவனந்தபுரத்தில் வாழும் ஒருவர் இப்படிச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. எழுத்தும் கருவியும் ஒன்றையொன்று மாற்றிய வரலாறு இந்நகரின் தெருக்களிலேயே கிடக்கிறது.

கோட்டைப் பகுதியில் 2022 இறுதியில் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகத்திற்குச் சென்று பாருங்கள். வட்டெழுத்தில் எழுதப்பட்ட பழைய திருவிதாங்கூர் ஆவணங்களை அங்கே காணலாம். எழுத்தாணியால் நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதால்தான் நம் எழுத்துகள் வளைந்தன என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் சுவடி எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதையே பெரும்பாலும் தவிர்த்தனர். கருவி அன்றே எழுத்துக்கு விதி வகுத்தது.

பின்னர்த் தட்டச்சுப் பொறி வந்தது. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ்–கிளிடன் பொறியிலிருந்து வளர்ந்த ஆங்கில விசை வரிசையே இன்று நம் கைப்பேசித் திரையிலும் உள்ளது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்கெனத் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். மலையாளத்துக்கோ கூட்டெழுத்துகள் மிகுதி. அவ்வளவையும் ஒரு பொறிக்குள் அடக்க இயலவில்லை. ஆகவே அச்சுக்கும் தட்டச்சுக்கும் ஏற்றவாறு எழுத்தைச் சீர்திருத்தி 1971-இல் கேரள அரசு ஆணை பிறப்பித்தது. சேர்ந்திருந்த உயிர்க்குறிகள் பிரிந்து நின்றன. ஆனால் கையால் எழுதுவோர் பலர் இன்றும் அவற்றைச் சேர்த்தே எழுதுகின்றனர். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ‘ணா, றா, னா, லை, ளை’ முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. சாலைக் கடைத்தெருவின் பழைய கணக்கேடுகளில் தும்பிக்கை வளைந்த ‘லை’யைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் தலைமுறையில் பள்ளி இறுதி வகுப்பு முடிந்ததும் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்வது எழுதப்படாத விதி. இடது கையின் நான்கு விரல்களால் ‘ஏ, எஸ், டி, எஃப்’ என்று தொடங்கும் முதல் பாடம், வரி முடிவில் ஒலிக்கும் மணி, கார்பன் தாளின் நீலக்கறை படிந்த விரல்கள் ஆகியவற்றை மறக்க முடியுமா? லோயர், ஹையர் என்ற இரு அரசுத் தேர்வுகளிலும் தேறினால் வேலை உறுதி என்று பெற்றோர் நம்பினர். அதே நகரில்தான் 1990-இல் டெக்னோபார்க் எழுந்தது. தாத்தா பயிலகத்தில் தட்டினார். பேரன் கழக்கூட்டத்தில் தட்டுகிறான். எந்த வீட்டிலும் இந்தக் கதையின் ஒரு துண்டு கிடைக்கும்.

இந்த ஆண்டுகளையும் பெயர்களையும் தேர்வில் அடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அதுவும் மனப்பாடமே. ‘என் தாத்தா தட்டச்சுப் பயிலகத்தில் கற்றார், நான் கைப்பேசியில் கற்றேன், அவர் பத்து விரல்களாலும் அடிப்பார், நான் கட்டைவிரல்களால் மட்டுமே அடிப்பேன்’ என்ற அளவு போதும். இறந்தகாலம், நிகழ்காலம், ஒப்பீடு ஆகிய மூன்றும் அந்த ஒரு விடைக்குள் இயல்பாக வந்துவிடுகின்றன. இலக்கணப் பரப்பு என்று தேர்வாளர் தேடுவது இதைத்தான்.

பொதுச் செய்திகளுக்கு உரிய இடம் மூன்றாம் பகுதி. கையால் குறிப்பெடுப்போர் கருத்தை நன்கு உள்வாங்குகின்றனர் என்று 2014-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் அதே சோதனையை மீண்டும் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. பள்ளிகளில் கையெழுத்துப் பயிற்சி குறைய வேண்டுமா என்று விவாதம் எழும்போது இத்தகைய செய்தி உதவலாம். அங்கும் ‘என் வகுப்பில் நான் கண்டது இது’ என்று ஒரு வாக்கியம் சேர்ந்தால்தான் பேச்சு உயிர் பெறும்.

வங்கிக் கரும்பலகையிலிருந்து ஒரு பாடம்

கையெழுத்து மறைந்துவிட்டது என்று ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு வங்கி நல்ல மறுமொழி தருகிறது. கணக்குத் தொடங்கும் நாளில் நீங்கள் இட்ட மாதிரிக் கையொப்பம் இன்றும் உங்கள் அடையாளம். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்று முறையாவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. நடைமுறையில் அத்தகைய காசோலை பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகிறது என்பதால் கவனமாக எழுதுவதே நலம். அதே வேளையில் 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘பாசிட்டிவ் பே’ முறையில், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரங்களை மின்வழியில் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கலாம். கையால் எழுதியதைத் தட்டச்சு உறுதி செய்கிறது. கை, விசை இரண்டில் ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது என்பது உண்மை வாழ்க்கையில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. இவ்வாறு நடுநிலையான விடையைத் தேர்வில் தயங்காமல் சொல்லலாம்.

எப்படிப் பழகுவது?

தம்பி மகளுக்கு நான் சொன்னவற்றையே இங்கும் வைக்கிறேன்.

ஒரு வாரம், எதையெல்லாம் கையால் எழுதுகிறீர்கள், எதையெல்லாம் தட்டச்சு செய்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். மளிகைப் பட்டியல், கோயில் அர்ச்சனைச் சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு, வாட்ஸ்அப் செய்தி என எல்லாம் அதில் வரட்டும். அந்தப் பட்டியலே உங்கள் பாடநூல்.

ஒவ்வொரு கேள்விக்கும் நேரடியான விடை, அதற்கான காரணம், வாழ்விலிருந்து ஒரு சான்று என்று இரண்டு முதல் நான்கு வாக்கியங்கள் போதும். முதல் பகுதியில் நீண்ட சொற்பொழிவு தேவையில்லை. தேர்வாளர் இடைமறித்து அடுத்த கேள்விக்குச் சென்றால் மனம் தளர வேண்டாம். நேரக் கட்டுப்பாடு அவருக்கும் உண்டு.

விடையைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். பின்னர் அதே செய்தியை வேறு சொற்களில் மீண்டும் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் வேறுவிதமாகச் சொல்லுங்கள். மூன்று முறையும் ஒரே வாக்கியம் வந்தால் மனப்பாடம் தலைகாட்டுகிறது என்று பொருள்.

உங்கள் கையைப் பற்றிய உண்மை எழுத்துத் தேர்விலும் உதவும். அங்கே 60 நிமிடங்களில் இரண்டு கட்டுரைகள், குறைந்தது 150 சொற்களும் 250 சொற்களும் எழுத வேண்டும். தாளில் எழுதுவது, கணினியில் எழுதுவது என இரு முறைகளும் கிடைக்கும் இடத்தில், இரண்டையும் வீட்டில் நேரம் குறித்துச் செய்து பார்த்த பின்னரே பதிவு செய்யுங்கள். கணினி சொற்களை எண்ணிக் காட்டும், திருத்துவது எளிது. ஆனால் இரண்டு விரல்களால் அடிப்பவருக்கு நேரம் பற்றாது. தாளில் வேகம் கிடைக்கலாம். எழுத்து புரியாவிட்டால் பயனில்லை. நண்பர் தேர்ந்தெடுத்ததையே நாமும் தேர்ந்தெடுப்பது சரியன்று.

செவிலியர்களுக்கு ஓ.இ.டி. என்ற தேர்வும் ஏற்கப்படுகிறது. அதில் பேசுதல் பகுதி நோயாளியுடனோ உறவினருடனோ உரையாடுவதாக அமைந்திருக்கும். எது பொருந்தும் என்று முடிவு செய்யுமுன் இரண்டின் மாதிரித் தேர்வையும் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பயிற்சிக் கட்டணம் செலுத்துமுன் அங்கே பிள்ளை ஒரு நாளில் எத்தனை நிமிடங்கள் வாய்திறந்து பேசுகிறது என்று கேளுங்கள். எத்தனை பக்கக் குறிப்பு தருகிறார்கள் என்று கேட்க வேண்டாம். வீட்டிலும் பத்து நிமிடம் பிள்ளைக்குச் செவி கொடுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தவறில்லை. முதலில் தமிழில் கேளுங்கள். தாய்மொழியில் சொல்லத் தெரிந்த கதையை ஆங்கிலத்தில் சொல்வது, இல்லாத கதையை ஆங்கிலத்தில் புனைவதைவிட எளிது.

தம்பி மகளுக்கு அடுத்த மாதம் மறுதேர்வு. அந்த அரைப் புள்ளி கிடைக்குமா என்று நான் அறியேன். நகல் தாள்கள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் மளிகைப் பட்டியல் எழுதப் பயன்படுத்துகிறேன். நேற்று மாலை வந்தவள் அதே கேள்வியைக் கேட்கச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். சற்று யோசித்தாள். பிறகு, “ஒரு நாள் நடுராத்திரியில் ஒரு டாக்டரை எழுப்பினேன், அவருடைய கையெழுத்தால்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். இடையில் ஒரு பிழை இருந்தது. அதை நான் திருத்தவில்லை. அடுத்து என்ன நடந்தது என்று கேட்டேன்.